15 வாட் வால்வு ஆம்ப் ஏன் இத்தனை சத்தம் போடுகிறது? அட்டெனுவேட்டர் அதை எவ்வளவு அடக்கும்?

தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பதன் சாரம் இது. அவரிடம் 12 அங்குல ஸ்பீக்கர் பூட்டிய 15 வாட் வால்வு கிட்டார் ஆம்ப் (வெற்றிடக் குழாய்களால் ஒலியைப் பெருக்குவது) இருக்கிறது. நண்பரிடம் 10 அங்குல ஸ்பீக்கருடன் 60 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப். இரண்டையும் அருகருகே வைத்து வாசித்தால் சத்தம் ஏறக்குறைய ஒன்றாகவே கேட்கிறது. அது எப்படி? அடுத்து, லயனில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், வாசித்தால் சுவருக்கு அப்பால் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்குத் தொல்லை. வால்யூமைக் குறைத்தால் தொனி உயிரற்றுப் போகிறது. 5 வாட் ஆம்புக்கு மாறுவதா, அட்டெனுவேட்டர் (ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே நின்று சத்தத்தைக் குறைக்கும் பெட்டி) வாங்குவதா?

தம்பி, காசு கொடுத்து எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒன்றைக் கண்டுபிடியுங்கள்: உங்களுக்கு எத்தனை டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) குறைய வேண்டும்? ஞாயிறு ஆராதனையில் பாடகரின் குரலை மூடாமல் வாசிக்க வேண்டுமென்றால் 6 டெசிபல் போதும். லயன் அறையில் இரவு 8 மணிக்கு வாசிக்க வேண்டுமென்றால் 35 டெசிபல் தேவைப்படலாம். இந்த இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. அட்டெனுவேட்டர் வாங்கிவிட்டு மனம் சலித்தவர்களில் பெரும்பாலானோர் இந்த எண்ணைப் பார்க்காமல் கடைக்குப் போனவர்கள்.

முதலில் வாட் கணக்கு. வாட் என்பது ஆம்ப் ஸ்பீக்கருக்குள் தள்ளும் மின்வலு. காதுக்கு எட்டும் சத்தம் அதன் நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. ஒரு கிலோ கொழுந்து கிடக்கும் கூடையில் இன்னொரு கிலோவைப் போட்டால் முதுகு உடனே அறியும். 20 கிலோ நிறைந்த கூடையில் அதே ஒரு கிலோ விழுந்தால் தெரியவே தெரியாது. காதும் அப்படித்தான் எடைபோடுகிறது. வலு இரண்டு மடங்கானால் 3 டெசிபல் மட்டுமே கூடும். கூர்ந்து கேட்பவருக்கு "கொஞ்சம் ஏறியிருக்கிறது" என்று தெரியும், அவ்வளவுதான். சத்தம் இரண்டு மடங்கானது போலத் தோன்றுவதற்குச் சுமார் 10 டெசிபல் வேண்டும். அதற்கு வலு 10 மடங்காக வேண்டும். ஆகவே 100 வாட் ஆம்ப் 50 வாட்டைவிட இரு மடங்கு சத்தமானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 100 வாட்டின் பாதிச் சத்தம் 10 வாட்டில் இருக்கிறது.

உங்கள் 15 வாட்டிலிருந்து 5 வாட்டுக்கு இறங்கினால் குறைவது ஏறத்தாழ 5 டெசிபல். லயன் சுவருக்கு அப்பால் படிக்கும் பிள்ளைக்கு அது ஒரு நிம்மதியும் தராது. 5 வாட் ஆம்ப் அழகான கருவிதான். ஒலிப்பதிவுக்கு எனக்கு மிகவும் பிடித்த அளவும் அதுவே. ஆனால் அதை "அமைதியான ஆம்ப்" என்று நினைத்து வாங்குவது வீண்.

நண்பரின் 60 வாட்டும் உங்கள் 15 வாட்டும் சமமாக ஒலிப்பதன் மர்மம் ஸ்பீக்கரில் இருக்கிறது. ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஓர் உணர்திறன் அளவு உண்டு: ஒரு வாட் கொடுத்து ஒரு மீற்றர் தூரத்தில் அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பது. கிட்டாருக்கென்றே செய்யப்பட்ட 12 அங்குல ஸ்பீக்கர்கள் இதில் வல்லவை. செலஸ்டியன் என்ற ஸ்பீக்கர் நிறுவனத்தின் கிரீன்பேக்கின் அளவு 98 டெசிபல், அதே நிறுவனத்தின் வின்டேஜ் 30க்கு 100. பயிற்சி ஆம்புகளில் வரும் மலிவான சிறு ஸ்பீக்கர்கள் இதைவிடப் பல டெசிபல் தாழ்ந்து நிற்பது வழக்கம். உங்கள் ஸ்பீக்கர் 98, நண்பருடையது 92 என்று வைத்துக்கொள்வோம். 15 வாட் என்பது ஒரு வாட்டைவிட 11.8 டெசிபல் மேலே. ஆக ஒரு மீற்றரில் 109.8. 60 வாட் என்பது 17.8 டெசிபல் மேலே. 92ஐக் கூட்டினால் அதுவும் 109.8. ஸ்பீக்கரில் இருந்த 6 டெசிபல் வித்தியாசம், ஆம்பில் இருந்த நான்கு மடங்கு வலுவைச் சாப்பிட்டுவிட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. பெட்டியில் எழுதியிருக்கும் வாட், அலை பெரிதாகச் சிதையாமல் தெளிவாக வெளிவரும் எல்லையில் அளந்தது. வால்வு ஆம்பை அந்த எல்லைக்கு அப்பால் தள்ளினால் அலையின் தலை தட்டையாகும், ஆனால் வலு நின்றுவிடாது. முழுச் சதுர அலையாகவே ஆகிவிட்டால், அதே உச்ச அளவுள்ள, வழுவழுப்பாக வளையும் சைன் அலையைவிட அதில் இரண்டு மடங்கு வலு இருக்கும். அதாவது உங்கள் 15 வாட் ஆம்ப் கோட்பாட்டளவில் 30 வாட் வரை துப்பக்கூடும். டிரான்சிஸ்டர் ஆம்ப் எல்லையைத் தாண்டினால் காதைக் கிழிப்பதுபோல ஒலிக்கும். அதனால் வாசிப்பவர் தாமாகவே கையை இழுத்துக்கொள்வார். வால்வு ஆம்ப் எல்லையைத் தாண்டும்போதுதான் இனிக்கிறது. ஆகவே வாசிப்பவர் மேலும் தள்ளுவார். "வால்வு வாட் பெரிய வாட்" என்று மேடைக்காரர்கள் சொல்வதற்குள் இருக்கும் உண்மை இதுதான். வாட் என்னவோ இரண்டிலும் ஒன்றுதான்.

குமிழைப் பற்றியும் ஒரு வார்த்தை. வால்யூமை 5இல் வைத்தால் பாதிச் சத்தம் என்று நினைக்க வேண்டாம். மாஸ்டர் வால்யூம் (கடைசிச் சத்தத்தை மட்டும் தனியாகக் கட்டுப்படுத்தும் குமிழ்) இல்லாத பல வால்வு ஆம்புகளில் 4க்கும் 5க்கும் இடையிலேயே சத்தம் ஏறக்குறைய முழுமையடைந்துவிடும். அதற்கு மேல் திருப்பினால் கூடுவது சிதைவும் செறிவும். அதனால் இரண்டு ஆம்புகளைக் குமிழின் எண்ணை வைத்து ஒப்பிடக் கூடாது. கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் ஒலிமானிச் செயலி ஒன்றை இறக்குங்கள். அது காட்டும் எண் துல்லியமாக இராது. ஆனால் ஒரே இடத்தில், ஒரே தூரத்தில், ஒரே கோர்டை ஒரே வேகத்தில் வாசித்து இரண்டு ஆம்புகளுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பதற்கு அது போதும். இரண்டு ஆம்பும் ஒரே ஸ்பீக்கரில் மாறி மாறி ஓடினால் ஒப்பீடு இன்னும் நேர்மையானது. கைப்பேசியை ஆம்புக்கு மிக அருகில் பிடிக்காதீர்கள். அதன் மைக் திணறி, எல்லாவற்றையும் ஒரே எண்ணாகக் காட்டிவிடும்.

இனி நீங்கள் வாசிக்கும் இடத்துக்கு வருவோம். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் குறையும். லயன் அறைக்குள் அந்தக் கணக்குச் செல்லாது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் நான்கு சுவரும் சீமெந்துத் தரையும் சத்தத்தைத் திருப்பித் திருப்பி எறிகின்றன. வரிசை முழுவதற்கும் ஒரே தகரக் கூரை. பல வீடுகளில் சீலிங்கும் இல்லை. சுவரைத் தாண்டாத சத்தம்கூடக் கூரை வழியாகப் போய்ச் சேரும். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயன் என்றால் பின்வீட்டுக்கும் பங்கு உண்டு. வெளியே போய் வாசிக்கலாம் என்றாலும் மலையகத்து இரவு உங்களுக்கு எதிரி. பொழுது சாய்ந்ததும் பள்ளத்தாக்கில் குளிர்ந்த காற்று தரையோடு படிந்துவிடும், அதற்கு மேலுள்ள காற்று சற்றுச் சூடாக இருக்கும். அப்போது மேலே போக வேண்டிய ஒலி வளைந்து தரைக்கே திரும்புகிறது. எதிர்மலைக் கோவில் திருவிழாவின் ஒலிபெருக்கி பகலில் மங்கலாகவும் இரவில் சொற்கள் பிரிந்து தெளிவாகவும் கேட்பது இதனால்தான். உங்கள் கிட்டாரும் அதே வழியில் அடுத்த டிவிஷனுக்குப் பயணப்படும்.

இப்போது எண்ணைப் போடுவோம். ஒருவர் சாதாரணமாகப் பேசுவது ஒரு மீற்றரில் சுமார் 60 டெசிபல். கிட்டார் சுவை தரும்படியும் அயலவர் பொறுக்கும்படியும் ஒரு 75 டெசிபல் என்று வைத்தால், உங்கள் ஆம்பின் 110இலிருந்து 35 டெசிபல் இறங்க வேண்டும். 98 டெசிபல் ஸ்பீக்கர் ஒன்று 75 டெசிபலில் ஒலிப்பதற்கு எவ்வளவு வலு வேண்டும் தெரியுமா? ஐந்து மில்லிவாட். ஒரு வாட்டின் இருநூறில் ஒரு பங்கு. வீட்டுப் பாவனைக்கு என்று விற்கப்படும் ஒரு வாட் ஆம்பும் முழுதாகத் திறந்தால் 98 டெசிபல் போடும். இந்த ஒரு கணக்கைப் புரிந்துகொண்டால் விளம்பரங்கள் பாதிக்கு மேல் உதிர்ந்துவிடும்.

காதுக்கும் இதே கணக்குத்தான். அமெரிக்காவின் தேசியத் தொழிற்பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு 85 டெசிபலுக்கு 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 94இல் ஒரு மணி நேரம், 100இல் கால் மணி நேரம். 110இல் ஒன்றரை நிமிடம் மட்டுமே. அந்தச் சிறிய அறையில் ஆம்பை முழுதாகத் திறந்து ஒரு பாட்டு வாசித்தாலே அன்றைய பங்கு தீர்ந்துவிடுகிறது. அயலவரின் பொறுமை பிறகு திரும்பக்கூடும். போன செவிப்புலன் திரும்பாது.

இத்தனை சத்தமான ஆம்புகள் ஏன் பிறந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1960களில் மேடைகளில் கிட்டாருக்கு மைக் வைத்துப் பெரிய ஒலிபெருக்கிகளுக்கு அனுப்பும் வழக்கம் இல்லை. மண்டபம் முழுவதையும் ஆம்பே நிரப்ப வேண்டியிருந்தது. தி ஹூ என்ற பிரித்தானிய ராக் குழுவின் பீட் டவுன்ஷெண்டும் ஜான் என்ட்விசிலும் இன்னும் சத்தம் வேண்டும் என்று ஆம்ப் தயாரிப்பாளர் ஜிம் மார்ஷலிடம் கேட்டதிலிருந்து 1965இல் 100 வாட் மார்ஷல் வந்தது. அந்த ஆம்புகளை முழுதாகத் திறந்தபோது பவர் வால்வுகள் (ஸ்பீக்கரை ஓட்டும் கடைசிநிலை வால்வுகள்) நெரிந்து எழுந்த தொனிதான் ராக் கிட்டாரின் தொனியாகிவிட்டது. தொனி பிடித்துப்போன பிறகு சத்தம் மட்டும் தொல்லையாக மிஞ்சியது. பாஸ்டன் என்ற அமெரிக்க ராக் குழுவின் டாம் ஷோல்ஸ், தொழிலால் பொறியியலாளர், அதற்கென்று பவர் சோக் என்ற பெட்டியைச் செய்து விற்றார். இன்றைய அட்டெனுவேட்டர்கள் செய்வதும் அதே வேலையைத்தான்.

அட்டெனுவேட்டர் ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே உட்காருகிறது. ஆம்ப் தன் முழு வலுவையும் தள்ளுகிறது. பெட்டி அதில் பெரும்பகுதியை வெப்பமாக்கி, மிச்சத்தை ஸ்பீக்கருக்கு விடுகிறது. ஆகவே பவர் வால்வுகள் உழைக்கும், சத்தம் குறையும். வால்யூமைக் குறைத்தால் தொனி சாகிறது என்கிறீர்களே, அதற்குக் காரணங்கள் மூன்று. பவர் வால்வுகள் உழைப்பதை நிறுத்திவிடுகின்றன. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு அதிர்ந்து சிதைவதை நிறுத்திவிடுகிறது. மூன்றாவது, காதின் குணம். 1933இல் பெல் ஆய்வுகூடத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் காட்டியதுபோல, சத்தம் தாழும்போது அடிக்குரலையும் மிக உயர்ந்த ஒலிகளையும் காது விகிதத்துக்கு மேல் இழக்கிறது. அட்டெனுவேட்டர் இந்த மூன்றில் முதலாவதை மட்டுமே மீட்டுத் தரும். எத்தனை விலை கொடுத்தாலும் மற்ற இரண்டையும் அது மீட்காது. அட்டெனுவேட்டர் தொனியைக் கெடுத்துவிட்டது என்ற குறையில் பெரும்பகுதி உண்மையில் காதின் வேலை. குறைந்த சத்தத்தில் பாஸ், டிரெபிள் குமிழ்களைச் சற்று ஏற்றிப் பாருங்கள், பாதிக் குறை தீரும்.

மீதிப் பாதி பெட்டியின் வகையைப் பொறுத்தது. மலிவானவை தடையிகள் மட்டும் கொண்டவை. ஓம் என்பது மின்தடையின் அலகு; 8 ஓம் என்றால் எல்லாச் சுரத்துக்கும் 8 ஓம்தான். உண்மையான ஸ்பீக்கர் அப்படி நடந்துகொள்வதில்லை. 8 ஓம் ஸ்பீக்கர் 80, 100 ஹேர்ட்ஸ் பக்கத்தில் தன் அதிர்வுப் புள்ளியில் பல மடங்கு ஓமுக்கு எகிறும்; பிறகு 8க்கு அருகே இறங்கி, உயர்ந்த ஒலிகளில் சுருளின் தூண்டலால் மறுபடி ஏறும். வால்வு ஆம்ப் இந்த ஏற்ற இறக்கங்களுக்கு ஏற்பத் தன் வெளியீட்டை மாற்றுவது. கீழே தடிப்பும் மேலே மினுக்கமும் அதிலிருந்துதான் வருகின்றன. தட்டையான தடையியைக் காட்டினால் இரண்டும் மங்கும். 6 டெசிபல் குறைப்பில் இது பெரிதாகத் தெரியாது. 10ஐத் தாண்டினால் தெரியத் தொடங்கும்.

விலை கூடியவை சுருளும் கொள்ளளவியும் சேர்த்து ஸ்பீக்கரின் அந்த வளைவைப் போலி செய்பவை. ரியாக்டிவ் என்று சொல்வார்கள். வெபர் நிறுவனத்தின் மாஸ் வரிசை இதற்கு ஒரு நேர்வழி கண்டது: கூம்பு இல்லாத உண்மையான ஸ்பீக்கர் மோட்டாரையே பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். டூ நோட்ஸ் கேப்டர் ரியாக்டிவ்தான், ஆனால் அதன் ஸ்பீக்கர் வெளியீடு 20 டெசிபல் குறைப்பில் நிலையாக நிற்கும். 20 டெசிபல் என்றால் நூறில் ஒரு பங்கு வலு. உங்கள் 15 வாட் 0.15 வாட்டாகிவிடும். கேட்கப் பிரமாதம், ஆனால் ஒரு மீற்றரில் இன்னும் 90 டெசிபல். தனி வீட்டில் பகலில் தாராளமாக வாசிக்கலாம். லயனில் முடியாது. ஃபிரையெட் பவர் ஸ்டேஷன், பாஸ் டியூப் ஆம்ப் எக்ஸ்பாண்டர் போன்றவை வேறொரு தந்திரம் செய்கின்றன. ஆம்பின் வலு முழுவதையும் விழுங்கி, மிகச் சிறிய சைகையாக்கி, தமக்குள் இருக்கும் இன்னொரு ஆம்பால் வேண்டிய அளவுக்கு மட்டும் மறுபடி பெருக்குகின்றன. சத்தத்தை எவ்வளவு வேண்டுமானாலும் இறக்கலாம். ஆனால் அவற்றின் விலைக்கு இன்னொரு நல்ல ஆம்பே வாங்கிவிடலாம்.

அட்டெனுவேட்டரே தேவைப்படாதவர்கள் பலர். உங்கள் ஆம்பில் கெயின், மாஸ்டர் என்று இரண்டு குமிழ்கள் இருந்து, நீங்கள் வாசிப்பது கடும் ஹெவி மெட்டல் என்றால், அந்தச் சிதைவு பெரும்பாலும் பவர் வால்வுகளுக்கு முன்னால் வரும் முன்நிலை வால்வுகளில்தான் பிறக்கிறது. அந்த வால்வுகளைத் தள்ளும் கெயினை ஏற்றி மாஸ்டரை இறக்குங்கள். இடையில் பெட்டி எதற்கு? தெளிவான தொனியில் கர்நாடக, மெல்லிசைப் பக்கம் வாசிப்பவருக்கும் அது வேண்டாம். அவர் பவர் வால்வுகளை நெரிப்பதே இல்லை. டிரான்சிஸ்டர் ஆம்ப் வைத்திருப்பவருக்கும் அதில் ஒரு பயனும் இல்லை. மாஸ்டர் வால்யூம் இல்லாத பழைய பாணி ஆம்பில், சிதைவு தொடங்கும் விளிம்பில் நின்று, கைவிரலின் அழுத்தத்தால் தொனியைத் தெளிவுக்கும் சிதைவுக்கும் இடையில் ஆட்டுபவருக்குத்தான் அட்டெனுவேட்டர் உண்மையான நண்பன்.

உங்கள் ஆராதனை வேலைக்கு 6 டெசிபல் போதும் என்றேன். அதை நீங்களே கட்டிக்கொள்ளலாம். 8 ஓம் ஆம்புக்கு, தொடராக 4 ஓம் தடையி ஒன்று, அதன்பின் ஸ்பீக்கருக்குச் சமாந்தரமாக, அதன் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே, 8 ஓம் தடையி ஒன்று. 8 ஓம் ஸ்பீக்கரும் 8 ஓம் தடையியும் சேர்ந்து 4 ஆகும். தொடர் தடையியின் 4ஐக் கூட்டினால் ஆம்புக்கு மறுபடி 8 ஓம்தான் தெரியும். கடையில் 3.9, 8.2 என்ற அளவுகளில்தான் கிடைக்கும். அது ஒன்றும் குறையில்லை. வலுவில் பாதி தொடர் தடையியில் எரியும், கால்வாசி மற்றத் தடையியில், மீதிக் கால்வாசி ஸ்பீக்கருக்கு. ஆம்ப் 30 வாட் வரை தள்ளக்கூடும் என்று பார்த்தோம். அதனால் தொடருக்கு 50 வாட், மற்றதற்கு 25 வாட் தாங்கும் அலுமினிய உடல் கொண்ட தடையிகளை வாங்கி, கனமான அலுமினியத் தகட்டில் இறுக்கிப் பூட்டுங்கள். தகட்டில் பூட்டாவிட்டால் அந்த வாட் அளவுகள் செல்லாது. பெட்டிக்குக் காற்றுத் துளைகள் விடுங்கள். ஆம்பின் மேல் விரித்த துணியின் மேலோ, ஸ்பொஞ்சின் மேலோ வைக்காதீர்கள்.

கட்டி முடித்ததும் மல்டிமீட்டரால் பாருங்கள். ஸ்பீக்கர் செருகியிருக்கும்போது உள்ளீட்டில் 7க்கும் 8க்கும் இடையே ஓம் காட்ட வேண்டும். ஸ்பீக்கர் கழன்றிருந்தால் சுமார் 12. இந்தச் சோதனை மிக முக்கியம். வால்வு ஆம்பைச் சுமை எதுவும் இல்லாமல், அதாவது ஸ்பீக்கரோ தடையியோ இணைக்காமல், ஒருபோதும் வாசிக்கக் கூடாது. வலு போக வழியில்லாதபோது அவுட்புட் டிரான்ஸ்ஃபோமரில் மின்னழுத்தம் தாறுமாறாக எகிறி, சுற்றுகளுக்கிடையே பொறி பாய்ந்து, டிரான்ஸ்ஃபோமரே போய்விடும். அது போனால் மலையகத்தில் பதில் டிரான்ஸ்ஃபோமர் தேடுவது எளிதல்ல. ஆம்பிலிருந்து பெட்டிக்கும் பெட்டியிலிருந்து ஸ்பீக்கருக்கும் தடித்த ஸ்பீக்கர் வயர் மட்டுமே போடுங்கள். கிட்டார் கேபிள் பார்வைக்கு அதுபோலவே இருக்கும். உள்ளே மயிரிழை போன்ற கம்பி. மின்னோட்டத்தில் அது சூடாகி அறுந்தால் மறுபடி சுமையில்லாத நிலைதான்.

அட்டெனுவேட்டர் ஆம்பைக் கெடுக்குமா என்று பலர் கேட்கிறார்கள். சரியான ஓமில் இருக்கும் பெட்டி கெடுக்காது. ஆனால் வீட்டில் ஒருபோதும் 3ஐத் தாண்டாத ஆம்பை இப்போது தினமும் 8இல் ஓட்டப்போகிறீர்கள். பவர் வால்வுகளின் ஆயுள் அந்த அளவுக்குக் குறையும், டிரான்ஸ்ஃபோமர்களும் சூடாகும். ஒரு சோடி வால்வுகளின் விலையைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தோட்டப் பகுதிகளில் மாலையில் எல்லா வீடுகளிலும் மின்சாரம் இழுக்கப்படும்போது 230 வோல்ட் கணிசமாகத் தாழும். அப்போது ஆம்பின் சத்தமும் இறங்கும், தொனியும் குழையும். அதை அட்டெனுவேட்டரின் குற்றமாக எண்ணிவிடாதீர்கள். மின்வெட்டு வந்தால் உடனே சுவிட்சை நிறுத்துங்கள், மின்சாரம் திரும்பிச் சில நிமிடங்கள் கழித்துப் போடுங்கள்.

செலவில்லாத வழிகளும் உண்டு. ஆம்பைத் தரையில் வைத்து முழங்காலுக்குக் கீழே ஒலிக்கவிட்டு, நின்றபடி வாசிப்பவர் எல்லாரும் தேவைக்கு மேல் சத்தம் வைக்கிறார்கள். 12 அங்குல ஸ்பீக்கரின் உயர்ந்த ஒலிகள் ஒரு கற்றைபோல நேராகப் போகும். அது காதுக்குப் படாமல் முன்வரிசையில் இருப்பவரின் நெஞ்சில் போய் விழுகிறது. ஆம்பை நாற்காலியில் ஏற்றிச் சற்றுச் சாய்த்து உங்கள் காதை நோக்க வையுங்கள். நீங்களாகவே வால்யூமைக் குறைப்பீர்கள். லயனில் அயலவரோடு பங்கிடும் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், மூலையில் வைக்கவே வேண்டாம். இரண்டும் அடிக்குரலைக் கூட்டும், சுவரைத் துளைப்பதும் அந்த அடிக்குரல்தான். ஸ்பீக்கர் பழுதாகி மாற்றவேண்டி வந்தால் உணர்திறன் 3 டெசிபல் குறைந்த ஒன்றைப் போடுங்கள். ஆம்பின் வலுவைப் பாதியாக்கியதற்குச் சமம், வால்வுக்கும் கேடில்லை.

உங்களுக்கு என் ஆலோசனை இதுதான். இருக்கிற ஆம்பை வைத்துக்கொள்ளுங்கள். 5 வாட்டுக்கு மாற வேண்டாம். ஆராதனைக்கும் கல்யாண வீடுகளுக்கும் மேலே சொன்ன 6 டெசிபல் பெட்டியைக் கட்டுங்கள். லயனில் மாலை வாசிப்புக்கு ஸ்பீக்கரை மறந்துவிடுங்கள். அந்த அறையில் எந்த அட்டெனுவேட்டரும் உங்களுக்கு நியாயம் செய்யாது. காசு சேர்ந்தால், ஹெட்ஃபோன் வசதியும் ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலி செய்யும் வசதியும் உள்ள ரியாக்டிவ் பெட்டி ஒன்றை வாங்குங்கள். அப்போது ஆம்ப் முழு வேகத்தில் உழைக்கும், அடுத்த வீட்டுப் பிள்ளை நிம்மதியாகப் படிக்கும். காசு சேரும் வரை ஹெட்ஃபோன் துளை உள்ள சிறிய டிஜிட்டல் பயிற்சி ஆம்ப் ஒன்றில் கையைப் பழக்குங்கள். விரல் பயிற்சிக்கு வால்வு தேவையில்லை.

வேலையைத் தொடங்குமுன் ஆம்பின் பின்புறத்தைப் பாருங்கள். உங்கள் ஆம்பின் ஸ்பீக்கர் துளைக்கு மேல் 16 ஓம் என்று எழுதியிருந்து ஸ்பீக்கரும் 16 ஓம் என்றால், நான் சொன்ன இரண்டு தடையிகளையும் இரட்டிப்பாக்கி, தொடருக்கு 8.2, மற்றதற்கு 16 என்று வாங்குங்கள். மீட்டர் காட்டும் எண்களும் அதேபோல இரட்டிக்கும்.